இடம் மாறிய செருப்பு

காட்பாடியில் ஏறிய பஸ் ஆம்பூருக்கு ஒரு மைல் முன்னாலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய் முன்பக்கம் பார்த்துவிட்டு, "நடக்கறவங்க நடங்க" என்றார். சம்பத் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். ஐப்பசித் தூறல். ஒரு பக்கம் மணல் மட்டும் ஓடும் பாலாறு. மறுபக்கம் தோல் தொழிற்சாலைகளின் நீளமான சுவர்கள்.

அவன் வீட்டில் படுத்துத் தூங்கி ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. சென்னையில் அவன் வேலை செய்த கம்பெனி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சின்னக் கம்ப்யூட்டர்கள் நாலைந்தை விற்றிருந்தது. எது நின்றாலும் சம்பத்தைத்தான் அனுப்புவார்கள். அவற்றை ஓட்டுகிற புரோகிராமை எழுதியவன் அவன். பெங்களூரில் ஒன்று, ஓசூரில் ஒன்று, இப்போது இங்கே. குடியாத்தத்தில் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்த பரம்பரையில் முதலாவதாகப் படித்தவன் என்று வீட்டில் அவனைப் பற்றிப் பெருமை உண்டு. பெருமையைத் தலைக்கு வைத்துத் தூங்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தபடி நடந்தான்.

வாசலில் மானேஜர் இஷ்தியாக் அகமது குடையோடு காத்திருந்தார்.

"வாங்க சார், வாங்க. நீங்க நனைஞ்சிட்டீங்க. உங்க பொட்டி மட்டும் உள்ள ஜில்லுனு உக்காந்துனு இருக்குது, மாப்பிள்ளை மாதிரி."

கொட்டகைக்குள் நுழைந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. சுண்ணாம்பு, ஊறிய தோல், தோலைப் பதமாக்கும் ஆவாரம்பட்டைச் சாறு. இரண்டு பெரிய மர டிரம்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், இரும்புப் பட்டை போட்டுப் படுத்திருந்தன. ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தோல்கள் மேலேறி, பொத்தென்று விழுந்து, மறுபடி மேலேறும் சத்தம்.

"மூணாவது ஒண்ணு இருந்திச்சு. அதைப் பிரிச்சிட்டு அந்த எடத்துலதான் உங்க மெஷினுக்கு ரூம் கட்டினோம்" என்றார் இஷ்தியாக். "கதவு கூட அந்த டிரம் பலகைதான். நல்ல மரம். வீணாக்க மனசு வரலை."

சம்பத் கதவைத் தள்ளினான். மரம் ஈரமாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை பழுப்பாகியிருந்தது.

"மழைக்காலத்துல கசியும்" என்றார் மானேஜர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மெஷினுக்குத் தூசி ஆகாது என்பதால் சம்பத் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான். சின்னது என்று பேர், பீரோ உயரத்துக்கு மெஷின். அதன் நெற்றியில் வரிசையாகச் சின்ன விளக்குகள். பக்கத்தில் டெலிபிரிண்டர், அதற்குள்ளே ஒரு குட்டி மணி.

"அந்த மணிதான் சார் பேஜாரு. நெனச்சப்ப அடிக்குது. அடிச்சா எல்லாம் நின்னுடுது. சுத்திக்கினு இருக்கற டிரம் நடுவுல நின்னா தோல் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. மொதலாளி ஷபீ அஹமது சாஹிப் வெள்ளிக்கிழமை வர்றாரு. அதுக்குள்ள நிக்காம ஓடணும். அந்த மணியக் கழட்டிடுங்களேன்."

"மணியக் கழட்டறதா? அதுதான் பாய் காவல்."

"யாருக்குக் காவல்?"

சம்பத் களைப்போடு நாற்காலியில் உட்கார்ந்தான். "இதுக்குள்ள மூணு புரோகிராம் ஓடுது. ஒண்ணு சூடு எவ்வளவுன்னு பாக்குது. ஒண்ணு டிரம்மை ஓட்டுது. ஒண்ணு கணக்கு அடிக்குது. மூணுக்கும் மேஸ்திரி மாதிரி என் புரோகிராம் ஒண்ணு. மாத்தி மாத்தி முறை குடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரூம். பாதியில விட்ட வேலையை எல்லாம் அங்க அடுக்கி வெச்சுக்கும், நீங்க தோலை அடுக்கறீங்களே, அப்படி. முடிய முடிய மேலேர்ந்து எடுக்கும்."

"சரி."

"அடுக்கு ஜாஸ்தியாகிட்டா? ரூமுக்கு ரூம் சுவர் கிடையாது பாய். அடுத்த ரூம்ல போய் விழும். அதனால ஒவ்வொரு ரூமோட கடைசியிலயும் ரெண்டு நம்பரை வெச்சிருக்கேன். ஒரு ஜோடி. யாருக்கும் வேணாத நம்பர். முறை மாத்தும்போதெல்லாம் மேஸ்திரி அந்த ஜோடியைப் பாக்கும். வெச்சபடி இருந்தா சரி. கலைஞ்சிருந்தா அடுக்கு வழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மணி அடிச்சு எல்லாத்தையும் நிறுத்திடும்."

"நம்பருக்கு வாட்ச்மேன் உத்தியோகமா!" இஷ்தியாக் சிரித்தார். "வழிஞ்சா வழியட்டுமே சார்?"

"சூடு பாக்கறதுக்கு அடுத்த ரூம்ல இருக்கறது டிரம் ஓட்டறது. அதுல குப்பை விழுந்தா டிரம் எப்ப சுத்தும்னு எனக்கே தெரியாது. அந்த நேரம் உள்ள ஆள் இருந்தா?"

இஷ்தியாக் சிரிப்பை நிறுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகலே சம்பத், டிரம்முக்குள் இறங்கி வேலை செய்யும் பரந்தாமனைப் பார்த்தான். மலை மாதிரி ஆள், தொண்டை அதைவிடப் பெரியது. நின்றிருந்த டிரம்மின் வாய்க்கு நேரே டயர் செருப்பைக் கழற்றி, ஜோடியாக, நுனி டிரம்மைப் பார்க்க வைத்தான். பிறகு குனிந்து வாய்க்குள் நுழைந்து, பதம்பட்ட தோல்களை இழுத்து இழுத்து வெளியே எறிந்தான்.

அந்த ஊரில் எல்லா டிரம்முக்கும் அதுதான் வழக்கம். உள்ளே இறங்குகிறவன் செருப்பை வாய்க்கு நேரே விடுவான். சுவிட்ச் போடுகிறவன் முதலில் தரையைப் பார்ப்பான். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. அடுத்தவன் செருப்பை யாரும் தொடுவதில்லை. இங்கே மெஷின் வந்தபின் சுவிட்ச்காரனுக்கு வேலையில்லை. கையால் நிறுத்தினால் மெஷினுக்குக் கணக்குத் தப்புகிறது என்று டிரம் சுவிட்சைப் பெட்டி போட்டு ஆணி அடித்துவிட்டார்கள். செருப்பு வைக்கிற பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது.

"இன்னா சார்" என்று டிரம்முக்குள்ளிருந்து குரல் கொடுத்தான் பரந்தாமன், "உங்க பொட்டி என் செருப்பைப் பாக்குமா?"

"பாக்காதுப்பா."

"அப்ப என் வூட்டுக்காரி மாதிரிதான். ஆள் எங்க இருக்கான்னு பாக்காமலே கத்தும்."

சம்பத் சிரித்து முடிக்குமுன் அறைக்குள் மணி அடித்தது. சுற்றிக்கொண்டிருந்த மற்ற டிரம்மும் முனகியபடி நின்றது.

அவன் உள்ளே ஓடினான். விசைகளைத் தட்டி, காவல் ஜோடி இருக்க வேண்டிய இடத்தை விளக்குகளில் வரவழைத்துப் பார்த்தான். காலி. இரண்டு இடமும் வெறும் பூஜ்யம். அடுக்கு அந்தப் பக்கம் வந்ததற்கே அடையாளம் இல்லை. பாதி ரூம் காலியாகத்தான் கிடந்தது. வழியாமலே ஜோடி எப்படி அழியும்?

அடுத்த இடத்தைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான்.

ஜோடி அங்கே இருந்தது.

அழியவில்லை. கலையவில்லை. இரண்டு எண்களும் அதே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தன. யாரோ குனிந்து இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்த மாதிரி.

எந்தப் புரோகிராமும் அதைச் செய்யாது. செய்யத் தெரியாது. அவனே எழுதியவன்.

குளிர்ந்த அறைக்குள் ஆவாரம்பட்டை வாசனை அடித்தது.

"சார்" என்றது வாசலில் ஒரு குரல். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கூட்டிப் பெருக்கும் பூங்காவனம், கையில் இரண்டு தம்ளர் டீயோடு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். "உங்க செருப்பு நனையுது சார். மேல ஓடு ஒழுகுது."

"கொஞ்சம் ஓரமா தள்ளிடுங்கம்மா."

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "நான் தொடமாட்டேன் சார். நீங்களே வந்து எடுத்துக்கோங்க."

அவன் எழுந்து வந்து எடுத்து வைத்தான். ஒரு தம்ளரை அவனிடம் கொடுத்தாள். இன்னொன்றைக் கதவோரம் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாருக்கு என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை. மாலையில் பார்த்தபோது தம்ளர் காலியாக இருந்தது. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. மணி அடிக்கும். ஜோடி இடம் மாறியிருக்கும். திரும்ப வைப்பான். மறுபடி மணி. புரோகிராமை ஓட்டை ஓட்டையாகப் பதித்த காகித நாடாவை மாற்றிப் பார்த்தான், கம்பிகளைச் சோதித்தான், தன் புரோகிராமை வரிவரியாகப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. வியாழக்கிழமை மாலை, டீயோடு வந்தவளிடம் கேட்டேவிட்டான்.

"இந்தத் தம்ளர் யாருக்கும்மா?"

பூங்காவனம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். நேராக அவனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தே பேசினாள்.

"ராமலிங்கம்னு ஒருத்தர். இந்தப் பலகை டிரம்மா இருந்தப்ப இதுல வேலை செஞ்சவரு. ஒருநாள் உள்ள இறங்கியிருந்தாரு. சுண்ணாம்புக் குழி ரொம்பி தண்ணி தரையில ஓடியாந்துச்சு. செருப்பு புதுசு சார். கொழந்தைக்கு மொட்டை போட திருப்பதி போறதுக்காக வாங்கினது. நனைஞ்சு வெந்துடுமேன்னு நான் எடுத்து ஓரமா மேட்டுல வெச்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் வெச்சேன்."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"சுவிட்ச்காரன் பாத்தான். செருப்பு இல்ல. போட்டுட்டான்."

வெளியே டிரம் பொத், பொத்தென்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்தது தப்பில்லன்னு எல்லாரும் சொன்னாங்க சார். எனக்கும் தெரியும். ஆனா எடுத்தவ ஒரு குரல் குடுத்திருக்கணும். 'அண்ணே, செருப்பை நகத்தி வெச்சிருக்கேன்'னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். ஒரு வார்த்தைக்கு இன்னா செலவு?"

சம்பத் எழுந்து அவளருகே போனான். "குடிங்கம்மா, நீங்களும் கொஞ்சம்" என்று தன் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இஷ்தியாக் வந்தபோது அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

"சார், மொதலாளி தொழுகை முடிச்சு நேரா இங்கதான் வர்றாரு. மணி அடிச்சா என் வேலை போச்சு. உங்க கால்ல விழறேன். இன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும் அந்த வாட்ச்மேனை லீவுல அனுப்புங்க."

கெட்ட எண்ணம் எதுவும் சம்பத்திடம் இல்லை. களைப்பு இருந்தது. மணி அடித்தபோதெல்லாம் வழிந்ததே இல்லையே, வெறும் பொய்ச் சத்தம்தானே என்று தோன்றியது. வீட்டுக்குப் போகலாம் என்றும் தோன்றியது. ஜோடியைப் பார்க்கச் சொல்லும் வரிகளையும் மணியடிக்கும் வரியையும் நீக்கிப் புது நாடா போட்டு மெஷினில் ஏற்றினான். காவல் போனது. மெஷின் சமர்த்தாக ஓடியது. இஷ்தியாக் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மதியம் பாங்கு ஒலித்ததும் கொட்டகை காலியானது. மானேஜர், தோல் பிரிப்பவர்கள், பாய்லருக்கு விறகு போடுபவர், எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். மழை மேகம் இறங்கிப் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. பூங்காவனம் பின்கட்டில் சாப்பிடப் போயிருந்தாள்.

சம்பத் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மணி மௌனமாக இருந்தது. அந்த மௌனம்தான் அவனை யோசிக்க வைத்தது. மணி அடித்த ஒவ்வொரு தடவையும் தான் எங்கிருந்தோம், என்ன செய்தோம் என்று மனம் தானாக எண்ணிப் பார்த்தது.

முதல் நாள், பரந்தாமன் வேடிக்கை பேசியபோது.

மறுநாள், பரந்தாமன் உள்ளிருந்து தோலை எறிந்தபோது.

நேற்று, பரந்தாமன் டிரம்மைக் கழுவியபோது.

ஒரு தடவைகூட, டிரம்முக்குள் ஆள் இல்லாதபோது மணி அடிக்கவில்லை.

உள்ளே மனிதன் இருக்கும்வரை எதுவும் சுற்றக் கூடாது என்று யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அப்போது மணி அடித்தது.

அடிக்க முடியாது. அடிக்கச் சொல்லும் வரியை அவனே காலையில் எடுத்திருந்தான். டெலிபிரிண்டரின் காகிதம் அசையவில்லை. விளக்குகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. மணி மட்டும் அடித்தது. மறுபடி. மறுபடி.

ஆவாரம்பட்டை வாசனை மூச்சை அடைத்தது.

கதவின் பலகை இடுக்குகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

சம்பத் கதவைத் திறந்தான்.

வாசலில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. டயர் செருப்பு. சொட்டச் சொட்ட நனைந்து, நுனி அவனைப் பார்க்க.

டிரம்மின் வாயிலிருந்து அதுவரை ஈரமான வெறுங்காலடிகள் வரிசையாக வந்திருந்தன. வந்த அடிகள் மட்டும். திரும்பிப் போன அடி ஒன்றுகூட இல்லை.

"பரந்தாமா!"

பதிலுக்கு மோட்டார் உறுமியது. பெல்ட் நடுங்கி இழுபட்டது. ஆணியடித்த பெட்டியைத் திறக்க நேரமில்லை. வெளிச்சுவரில் கொட்டகை முழுவதற்குமான பெரிய கைப்பிடி இருந்தது. வெறுங்காலோடு ஈரத்தில் ஓடி, இரண்டு கையாலும் தொங்கி அதைக் கீழே இழுத்தான்.

எல்லாம் அடங்கியது. கால் சுற்று திரும்பியிருந்த டிரம் ஒரு பெருமூச்சோடு பழைய நிலைக்கு உருண்டு வந்து நின்றது.

உள்ளே சத்தமில்லை.

பிறகு, "யோவ்!" என்று ஒரு குரல். "எவன்டா அவன்! என் தோள்பட்டை போச்சுடா!"

சம்பத் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

எல்லோரும் தொழுகைக்குப் போன நேரத்தில், நின்றிருந்த டிரம்மைக் கழுவப் பரந்தாமன் இறங்கியிருந்தான். மெஷினில் நடந்ததைச் சம்பத் பிறகு யோசித்துப் புரிந்துகொண்டான். பாய்லருக்கு விறகு போட ஆளில்லாமல் நீராவி இறங்கியிருக்கிறது. சூடு பார்க்கும் புரோகிராம் நம்பாமல் இன்னொரு தரம் பார்க்கத் தன்னையே கூப்பிட்டிருக்கிறது, அதுவும் நம்பாமல் இன்னொரு தரம், இன்னொரு தரம். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அடுக்கில் ஒரு பாரம். அடுக்கு காவல் ஜோடியை நசுக்கிக்கொண்டு அடுத்த ரூமுக்குள் சரிந்திருக்கிறது. இந்தத் தடவைதான் நிஜமாக வழிந்தது. இந்தத் தடவைதான் பார்க்க ஆளில்லை. அதுவரை விளங்கியது. மணியும் செருப்பும் விளங்கவில்லை.

தொழுகை முடித்து வந்த ஷபீ அஹமது சாஹிப் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கட்டுப் போட்ட பரந்தாமனின் தலையில் கைவைத்து உதடுகள் அசைய ஏதோ ஓதினார். பிறகு மானேஜரிடம், "மணி அடிக்கட்டும். தோல் போனாப் போவுது, இன்னொண்ணு வரும்" என்றார். இஷ்தியாக் யாரையும் கூப்பிடாமல் தானே சுத்தியல் எடுத்துப் போய் சுவிட்ச் பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கினார். 

"யாராவது என் செருப்பைத் தொட்டீங்களா?" என்று பரந்தாமன் எல்லோரையும் கேட்டான். யாருமில்லை. அவனும் அதற்குமேல் வேடிக்கை பேசவில்லை.

மறுநாள் காலையில் வெளிச்சம் வந்தபிறகுதான் மின்சாரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய கைப்பிடி கீழேயே கிடந்தது. சம்பத் பையிலிருந்து பழைய நாடாவை, காவல் உள்ளதை, எடுத்துத் தயாராக மெஷின் மேல் வைத்தான். விளக்கில்லாத மெஷின் வெறும் இரும்பாக நின்றது. அவனுக்கு உடம்பு முழுக்க வலித்தது. லாட்ஜுக்குப் போய்ப் படுக்கலாம் என்று வெளியே வந்தான்.

மழை வலுத்திருந்தது. ஓட்டு ஒழுகலுக்கு நேரே, செருப்பை விட்ட இடத்தில், தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது.

செருப்பு அங்கே இல்லை.

ஒரு முழம் தள்ளி, தண்ணீர் எட்டாத மேட்டில் இருந்தது. ஜோடியாக. யாரோ ஈரத்தை உதறித் துடைத்து வைத்த மாதிரி.

பூங்காவனம் இரண்டு தம்ளரோடு வந்துகொண்டிருந்தாள்.

"நீங்களாம்மா நகத்தி வெச்சீங்க?" என்று கேட்டான்.

அவள் செருப்பைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.  பிறகு தம்ளரைக் கதவோரம் வைத்து, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாக, கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"எடுத்து வெச்சா ஒரு குரல் குடுக்கணும்ண்ணே."

மின்சாரம் இல்லாத அறைக்குள் மணி ஒரே ஒரு தடவை அடித்தது.